கா. முனியசாமி எத்தனை பேர்? மண்டபம் கரையில் ஒரு நோயாளர் தரவுத்தளம்: நிகழ்வு ஆய்வு

மருத்துவமனை முன்மேசையில் இரண்டு அட்டைகள். இரண்டிலும் பெயர் கா. முனியசாமி, ஒரே தெரு, ஒரே கைபேசி எண். ஒன்றில் வயது 68. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். மற்றதில் வயது 21. திருக்கை முள் குத்தி ஊசி போட வந்த பையன். தாத்தாவும் பேரனும். காளிமுத்து மகன் முனியசாமி, முனியசாமி மகன் காளிமுத்து, அவர் மகன் மறுபடி முனியசாமி. பாட்டன் பேரைப் பேரனுக்கு விடும் வீட்டில் ஒரு தலைமுறை தாண்டினால் பெயரோடு முதலெழுத்தும் அப்படியே திரும்பி வந்துவிடும். புதிதாக எழுதிய மென்பொருள் முதல் ஓட்டத்திலேயே இந்த இருவரையும் ஒருவராக்கியது. பேரனின் பதிவைத் திறந்தால் ஆறு வருடச் சர்க்கரை அளவு வரிசையாக நின்றது.

மருத்துவமனை மண்டபம் வட்டாரத்தில் உள்ள சிறிய ஒன்று. பெயரும் அடையாளமும் இங்கே வேண்டாம். ஆட்பெயர்கள் எல்லாம் உதாரணத்துக்கு வைத்தவை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவர்கள்தான் அங்கே பெரும்பாலோர். வேதாளை, மரைக்காயர்பட்டினம், புதுமடம், உச்சிப்புளி, பாலம் தாண்டிப் பாம்பன், தங்கச்சிமடம் என்று வருவார்கள். அதே தரவை வைத்து ஒரு முதுகலை மருத்துவ மாணவரின் ஆய்வேடும் நடக்க வேண்டும் என்பது இரண்டாவது தேவை. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் ஒரே தரவுத்தளம் என்றால் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் ‘இந்த ஆள் யார்’ என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் கேட்கும் பதில் வேறு வேறு. வடிவமைப்பில் பாதி உழைப்பு அங்கேதான் போனது; போகத்தான் வேண்டும்.

மருத்துவருக்கு, இரண்டு ஆளை ஒருவராக்குவது ஆபத்து. தாத்தாவின் மருந்து பேரன் கணக்கில் ஏறும். ஒருவருக்கு உள்ள மருந்து ஒவ்வாமை இன்னொருவர் பெயரில் ஒளிந்துகொள்ளும். ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை இருந்தால் தொல்லைதான், ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுச் சரிசெய்யலாம். ஆய்வாளருக்கு இது தலைகீழ். ஒரு ஆள் இரண்டாகப் பிரிந்தால் ஒருவர் ‘பாதியில் நின்றுவிட்டவர்’ ஆவார், மற்றவர் ‘புதிய நோயாளி’ ஆவார். இரண்டு விகிதமும் கெட்டுப்போகும். அங்கே சில தவறான இணைப்புகளைப் பொறுக்கலாம். அவற்றின் அளவைக் கணித்துச் சொல்லிவிட்டால் போதும். அதனால் ஒரே சேர்க்கைப் பட்டியலை இரண்டு பேருக்கும் கொடுக்கக் கூடாது.

எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு ஆய்வுக்கு நான்கு படிவம், மூன்று வருகை என்றால் புதிதாக எதையும் எழுதாதீர்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கிய ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு சேகரிப்பு மென்பொருள் அந்த வேலைக்கென்றே உள்ளது. லாப நோக்கற்ற நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் கட்டணம் இல்லை. இங்கே தனியாக எழுத வேண்டி வந்தது அன்றாடச் சிகிச்சை ஓட்டம் சேர்ந்திருந்ததால்: சீட்டு, மருத்துவர், ஆய்வகம், மருந்துக் கவுன்டர், அடுத்த தேதி. அதிலும் அடித்தளம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், கையடக்கக் கணினியில் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம், இடையில் இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் மெல்லிய ஒத்திசைவு நிரல். சொந்தமாக எழுதியது பெயர்ப் பொருத்தம், படிவங்கள், ஆய்வு நகல் எடுக்கும் பகுதி ஆகிய மூன்று மட்டும்.

பழைய கோப்புகள்

கையில் இருந்தது இரண்டு வகை நோட்டுகளும் மூன்று எக்ஸெல் கோப்புகளும். ஒரு கோப்பு எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் அல்ல. பாமினி எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துருவைப் போட்டால் தமிழ், எடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. இதில் பலரும் செய்யும் தவறு, முதல் வேலையாக அதை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்றெழுத்துக் கோப்பு) ஆக்குவது. எந்தக் கட்டம் தமிழ், எந்தக் கட்டம் உண்மையிலேயே ஆங்கிலம் என்ற தகவல் கட்டத்தின் எழுத்துரு அமைப்பில்தான் இருக்கிறது. சிஎஸ்வியில் அது போய்விடும். பிறகு மாற்றியை ஓட்டினால் ஆங்கிலத்தில் எழுதிய மாத்திரைப் பெயர்களும் தமிழ்க் குப்பையாகும். எக்ஸெல் கோப்பை நேராகப் படித்து, கட்டம் கட்டமாக எழுத்துருவைப் பார்த்து, பாமினி என்றால் மட்டும் மாற்ற வேண்டும். இன்னொன்று: பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மெய்க்கு முன்னால் தட்டப்படும், யுனிகோடில் மெய்க்குப் பின்னால் வரும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும்.

பதிவு எண்களின் முன்னால் இருந்த பூச்சியங்களை எக்ஸெல் ஏற்கெனவே தின்றிருந்தது. 14 இலக்க ஆபா எண் (அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு எண்) கட்டத்துக்குள் அடங்காமல் அடுக்குக்குறியாகச் சுருங்கி, அப்படியே சிஎஸ்வியாகச் சேமிக்கப்பட்டதால் பின்பாதி இலக்கங்கள் திரும்பி வராமல் போயின. தேதியில் 3/4 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்பதற்கு ஒரே சாட்சி பக்கத்து வரிசைகள்தான்: நோட்டில் தேதி ஏறுவரிசையில் போகிறதா என்று பார்த்துத் தீர்க்கலாம். 12-க்கு மேற்பட்ட நாள் உள்ள வரிகள் மட்டும் சரியாக இருந்து, மற்றவை மாதம் மாறிக் கிடப்பதுதான் இந்தப் பிழையின் அடையாளம்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

யுனிகோடிலேயே தட்டிய பெயர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ‘மொய்தீன்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை 3018 என்ற ஒரே குறியீடாகவும் வைக்கலாம். 3014, 3006 என்று கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் இல்லை, தேடினால் கிடைக்காது. இதற்கு யுனிகோட் தரமே வழி சொல்லியிருக்கிறது: ஒரே எழுத்தை எப்படித் தட்டினாலும் ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி ஒழுங்காக்கம். போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. பெயர் உள்ளே வரும் வாசலில் ஒருமுறை ஓட்டி, ஒழுங்காகாத சரத்தை (எழுத்துத் தொடரை) அட்டவணை ஏற்காதபடி கட்டுப்பாடு போட்டுவிட வேண்டும். அதோடு பழைய விசைப்பலகைகள் விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத 8204, 8205 குறியீடுகளையும் களைய வேண்டும்.

என்எஃப்சி தீர்க்காத ஒன்று ஔகாரம். கௌசல்யா என்பதில் உள்ள குறி 3020. பலர் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ள என்ற முழு எழுத்தையே தட்டிவிடுவார்கள்: கெளசல்யா. கணினிக்கு இது ‘கெ-ள-ச’. சரி, கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரமாக மாற்று என்று ஒரு வரி நிரல் எழுதினால் என்ன ஆகும்? ராமநாதபுரம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு வெள்ளைச்சாமி இருப்பார். அவர் பெயரில் ‘வெ’ தொடர்ந்து ‘ள்’. விதி ஓடியதும் அவர் பெயர் எவரும் படிக்க முடியாத கோலமாகிவிடும். கெளுத்தி மீனுக்கும் அதே கதி. ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்ற நிபந்தனை சேர்த்த பிறகுதான் வெள்ளைச்சாமிகள் திரும்பி வந்தார்கள். எந்த மாற்றமானாலும் தட்டியபடியே உள்ள மூலச் சரத்தை அட்டவணையில் தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) வைத்திருந்ததால் அது முடிந்தது. அதை அழித்திருந்தால் நோட்டைப் புரட்ட வேண்டியிருக்கும்.

முன்மேசைப் பெயர்ப் பட்டியல் அகரவரிசையில் வரவில்லை என்ற புகாரும் வந்தது. குறியீட்டு எண் வரிசைப்படி அடுக்கினால் ன-கரம் ந-வுக்கு அடுத்தும், ற-கரம் ர-வுக்கு அடுத்தும் போய் உட்காரும். தரவுத்தளத்தில் ஐசியு என்ற யுனிகோட் நிரல் தொகுப்பின் தமிழ் வரிசையைத் தேர்ந்தால் தீர்ந்தது.

லட்சுமிக்கு ஒரு சாவி

அடுத்தது எழுத்துக்கூட்டல். லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி. நான்கும் ஒரே ஆளாக இருக்கலாம். ஆங்கிலப் பெயர்களுக்கென 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறியீட்டு முறை இங்கே உதவாது. தமிழுக்கென்று, ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே குறி தரும் சிறு ஒலிச்சாவி எழுதினால் போதும். விதிகள் இவை: பெயர் முதலில் ல, ர-வுக்கு முன் வரும் இகரத்தை விடு, க்ஷ என்றால் ட்ச என்று வை, ஸ, ஷ, ஜ எல்லாம் ச, ஹ என்றால் க, ல, ள, ழ ஒன்று, ந, ன, ண ஒன்று, ர, ற ஒன்று, யகரத்தை விடு, இரட்டித்த மெய்யை ஒற்றையாக்கு, கடைசியாக உயிர்க்குறியையும் புள்ளியையும் உதறு. நான்கு லட்சுமியும் ‘லடசம’ ஆவார்கள். செய்யது, சையது இரண்டும் ‘சத’. இப்ராகிம், இப்ராஹிம், இபுராகிம் மூன்றும் ‘இபரகம’. ஏர்வாடி தர்கா பக்கம் வீட்டுக்கு ஒரு செய்யது இப்ராகிம் என்பதால் இந்தச் சாவி இல்லாமல் நகர முடியாது.

சாவிக்கு ஒரு விலை உண்டு. கலா, காளி, கல்லை எல்லாமே ‘கல’ ஆகிவிடும். ஆகவே சாவி ஒத்தால் ஒரே ஆள் என்று முடிவு கட்டக் கூடாது. யாரை யாரோடு ஒப்பிடலாம் என்று கூட்டம் பிரிக்க மட்டும்தான் அது. பத்தாயிரம் பதிவை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்து கோடி இணை வரும். சாவியும் பாலினமும் ஒத்தவற்றை மட்டும் ஒப்பிட்டால் கணினி நிமிடங்களில் முடித்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுதிய பழைய பதிவுகளைத் தமிழுக்கு ஒலிபெயர்த்துவிட்டுத்தான் சாவி போட வேண்டும். முனியசாமியை நடுவில் வொய் போட்டும் போடாமலும், கடைசியில் ஐ போட்டும் வொய் போட்டும் எழுதியிருப்பார்கள். யகரத்தை விடும் விதி இங்கே இரண்டாவது முறையும் கை கொடுக்கிறது.

தாத்தா எப்படிப் பேரனானார்

இணைக்கு மதிப்பெண் போடும் முறை ஃபெல்லெகி, சன்டர் இருவரும் 1969-இல் வகுத்தது. ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு எண் வேண்டும்: ஒரே ஆளாக இருந்தால் இது ஒத்துப்போகும் வாய்ப்பு, வேறு ஆளாக இருந்தும் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை (லாகரிதம்) எடுத்தால் எடை. ஒரே ஆள் என்றால் பெயர் ஒத்துப்போகும் வாய்ப்பு 0.95 என்று வைப்போம். 40 பேரில் ஒருவருக்கு உள்ள பெயர் ஒத்தால் 0.95-ஐ 0.025-ஆல் வகுக்க 38, எடை 5.2. இரண்டாயிரத்தில் ஒருவருக்கு உள்ள பெயர் ஒத்தால் எடை 10.9. முனியசாமி ஒத்துப்போவதற்கும் அபூர்வமான ஒரு பெயர் ஒத்துப்போவதற்கும் ஒரே மதிப்பு கொடுக்கும் மென்பொருளை இந்தக் கரையில் நம்பக் கூடாது.

அன்று வைத்திருந்த எண்களில் கணக்குப் போட்டால்: பெயர் 5.2, முதலெழுத்து 3.0, ஊர் 3.5, கைபேசி 10.2. மொத்தம் 21.9. வயதில் பத்து வருடத்துக்கு மேல் வித்தியாசம் என்பதற்குக் கழித்தல் 4.8. மிச்சம் 17.1. 12-க்கு மேல் தானாகச் சேர்க்கலாம் என்று எல்லை வைத்திருந்தது. சேர்ந்துவிட்டது.

கணக்கில் கூட்டல் பிழை இல்லை. இந்த முறை ஒவ்வொரு தகவலும் தனித்தனிச் சாட்சி என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே வீட்டில் ஊரும் கைபேசியும் பெயரும் ஒரே சாட்சியின் மூன்று குரல்கள். கைபேசி எண் வீட்டைக் காட்டும், ஆளைக் காட்டாது. அதுவும் கடலுக்குப் போகிறவர் கையோடு கொண்டுபோய்விட்டால் வீட்டில் உள்ளவர் பக்கத்து வீட்டு எண்ணைச் சொல்வார்.

திருத்தம் மூன்று இடத்தில். கைபேசியின் எடைக்கு 2 என்று உச்சவரம்பு. அதை வைத்தே அந்த இணை 8.9-க்கு இறங்கி, 6-க்கும் 12-க்கும் நடுவே மனிதர் பார்க்க வேண்டிய வரிசைக்குப் போய்விடும். வயது வித்தியாசம் பத்தைத் தாண்டினால் எத்தனை மதிப்பெண் வந்தாலும் தானாகச் சேர்க்காதே என்ற தடை இரண்டாவது. மூன்றாவது, சிகிச்சைப் பக்கத்தில் தானாகச் சேர்ப்பதையே நிறுத்தியது: மதிப்பெண் என்னவானாலும் முன்மேசையில் ஒருவர் கேட்டு உறுதி செய்த பின்தான் இரண்டு அட்டையும் ஒரே திரையில் வரும். 12-க்கு மேல் தானாக இணையும் பட்டியல் ஆய்வு நகலுக்கு மட்டும்.

பெண்களுக்கு முதலெழுத்தின் எடையைத் தனியாக வைக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பின் கணவர் பெயர். பாம்பனிலிருந்து தொண்டிக்கு வாழ்க்கைப்பட்டால் ஊரும் மாறும், கைபேசியும் மாறும். முதலெழுத்து மாறியதற்கு ஆணுக்குக் கழித்தல் 2.2 என்றால் பெண்ணுக்குக் கழித்தல் 0.85 போதும். அப்படியும் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் பதிவு பெயரை வைத்துச் சிக்காது. அங்கே அட்டை எண் ஒன்றுதான் வழி.

சேர்ப்பது எப்படி, பிரிப்பது எப்படி

முதல் நிரல், இரண்டு பதிவைச் சேர்க்கும்போது ஒன்றின் வருகைகளை மற்றதன் எண்ணுக்கு மாற்றி எழுதியது. தாத்தாவையும் பேரனையும் திரும்பப் பிரிக்க முந்தைய நாள் காப்பு நகலை எடுத்து ஒப்பிட வேண்டி வந்தது அதனால்தான். சரியான வழி: வருகைகள் பிறந்த பதிவு எண்ணிலேயே கடைசிவரை இருக்கட்டும். ‘இந்தப் பதிவு இந்த ஆளுடையது’ என்று சொல்லும் இணைப்பு அட்டவணை தனியாக. அதில் ஒவ்வொரு வரிக்கும் யார் சேர்த்தார், எந்த நாள், எந்த ஆதாரத்தில், எந்த நாள் முடிந்தது. பிரிக்க வேண்டுமா? முடிந்த நாளைப் போடு, புதிய வரி எழுது. ஒரு வருகையையும் தொட வேண்டாம்.

அட்டை எண் ஆறு இலக்கம், கடைசியில் வெர்ஹோஃப் முறைச் சோதனை இலக்கம் ஒன்று. ஆதாரின் கடைசி இலக்கமும் அதே முறைதான். ஓரிலக்கப் பிழை எல்லாவற்றையும், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதையும் பிடிக்கும். வங்கி அட்டைகளில் உள்ள லூன் முறை 09, 90 மாறினால் கோட்டைவிடும். எண்ணுக்குள் ஊர்க்குறியோ பிறந்த ஆண்டோ வைக்கக் கூடாது. ஊர் மாறும், வயது திருந்தும், எண் பொய் சொல்லத் தொடங்கும். ஆதார் எண்ணை அடையாளச் சாவியாக வைப்பதும் வேண்டாம். அதைக் காக்கும் சட்டப் பொறுப்பைச் சுமக்கும் அளவுக்கு இங்கே அதற்கு வேலை இல்லை. ஆபா எண் இருந்தால் வாங்கி, காலியாகவும் இருக்கலாம் என்ற பத்தியில் வைக்கலாம். காகித அட்டை வியர்வையிலும் கடல்நீரிலும் ஒரு மாதம் தாங்காது. பிவிசி அட்டை அடித்து ரேஷன் கார்டோடு வைக்கச் சொன்னால் தொலைவது குறையும்.

வயதைப் பொறுத்தவரை, சொன்ன வயது, சொன்ன நாள் என்று இரண்டாக வைப்பதே நேர்மை. ‘நாப்பத்தஞ்சு இருக்கும்’ என்பவருக்கு ஜனவரி 1 என்று பிறந்தநாள் தயாரித்தால் மூன்று வருடம் கழித்து அது உண்மையான பிறந்தநாள் போல நிற்கும். கட்டாயம் தேதி வேண்டுமென்றால் பக்கத்தில் துல்லியக் குறி வேண்டும்: நாள் தெரியும், ஆண்டு மட்டும் தெரியும், உத்தேசம்.

சுகர் என்று ஒரு பத்தி

பழைய கோப்பில் ‘சுகர்’ என்று ஒரே பத்தி. வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா, வந்த நேரத்திலா என்று இல்லை. விரல்நுனி ரத்தமா ஆய்வக ரத்தமா என்பதும் இல்லை. இப்போது ஒவ்வொரு அளவும் தனி வரி: என்ன சோதனை, எண், அலகு, கருவி, சாப்பிட்டு எத்தனை மணி நேரம். கூடவே ஒப்புக்குறி ஒன்று. பல குளுக்கோமீட்டர்கள் 600-க்கு மேல் எண் காட்டாமல் ‘ஹை’ என்று மட்டும் காட்டும். அதை 600 என்று போட்டால் சராசரி குறையும். எண் இல்லையே என்று காலியாக விட்டால் அதைவிட மோசம்: ஊரிலேயே மோசமான நிலையில் உள்ளவர்கள் ஆய்விலிருந்து காணாமல் போவார்கள். 600, பக்கத்தில் ‘விட அதிகம்’ என்ற குறி. இரண்டும் வேண்டும்.

காலிக் கட்டத்துக்கும் காரணம் கேட்க வேண்டும்: கேட்கவில்லை, கேட்டும் எடுக்கவில்லை, கருவி பழுது, மறுத்துவிட்டார். எச்சரிக்கைகளில் கஞ்சத்தனம் நல்லது. மேல் ரத்த அழுத்தம் 40-க்குக் கீழ், 300-க்கு மேல் என்றால் ஏற்காதே. 70-க்குக் கீழ், 220-க்கு மேல் என்றால் ‘மறுபடி அளந்தீர்களா’ என்று ஒருமுறை கேள். அதற்கு மேல் கேட்டால் செவிலியர் படிக்காமலே ‘சரி’யை அழுத்தப் பழகிவிடுவார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

கடலுக்குப் போகும் நாள்

அடுத்த வருகைக்கு 30 நாள் என்பது மென்பொருளின் இயல்பான எண். 30 நாள் வைத்தால் கிழமை ஒவ்வொரு மாதமும் இரண்டு தள்ளும். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனியில் போய் மறுநாள் திரும்பும். வெள்ளிக்கிழமை வந்தவரை 30 நாள் கழித்துக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை; மருத்துவமனை பூட்டு. அதைத் திங்களுக்குத் தள்ளினால் ஆள் கடலில். 28 நாள் வைத்தால் அதே கிழமை. மாத்திரை மட்டும் 30 கொடுத்தால் இரண்டு நாள் கைமிச்சம். பாசி எடுக்கும் பெண்களுக்குக் கிழமை பொருந்தாது. அவர்கள் வேலை அமாவாசை பௌர்ணமி நீரை ஒட்டியது, சந்திர மாதமோ இருபத்தொன்பதரை நாள். அதனால் குறித்த தேதிக்கு மூன்று நாள் முன்னும் ஏழு நாள் பின்னும் வந்தாலும் ‘தவறாமல் வந்தார்’ என்றே கணக்கு.

மின்சாரம், உப்பு, கடிகாரம்

வெளியூர் முகாமுக்குப் போகும் கையடக்கக் கணினிகள் இணையம் இல்லாமலே வேலை செய்ய வேண்டும். பதிவு எண்களை மையக் கணினி வரிசையாகக் கொடுக்கும் முறை அங்கே உடையும். கருவியே உருவாக்கும் யூயூஐடி (வேறெங்கும் திரும்ப வராத நீண்ட எண்) உள்சாவியாக இருக்கட்டும், அட்டை எண்களை முன்கூட்டியே ஐம்பது ஐம்பதாகக் கருவிக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அளவீடுகள் எழுதினால் அழியாத வரிகள் என்பதால் இரண்டு கருவிகளுக்குள் சண்டை வராது. முகவரியும் கைபேசியும்தான் மோதும். இரண்டையும் தேதியோடு வைத்துக்கொண்டால் போதும்.

கருவியின் கடிகாரத்தை நம்பக் கூடாது. மின்கலம் முழுதாகத் தீர்ந்த ஒன்று 1970 ஜனவரி 1-க்குத் திரும்பி, அன்றைய முகாம் முழுவதையும் அந்தத் தேதியில் எழுதியது. கருவிக்குள் ஏறும் வரிசை எண், கருவி நேரம், மையக் கணினிக்கு வந்து சேர்ந்த நேரம், மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருந்தால் மீட்கலாம். படிவம் திறக்கும்போது இன்றைய தேதியைப் பெரிதாகக் காட்டி ‘சரிதானா’ என்று கேட்பது அதைவிட மலிவு.

மையக் கணினி விசிறி இல்லாத சிறு பெட்டி. விசிறி உள்ளதை வைத்தால் உப்புக்காற்றை உள்ளே இழுத்துத் தகட்டில் பூசும். சுவரில் தோள் உயரத்துக்கு மேல் தட்டு. ஐப்பசி, கார்த்திகையில் தரை நனைவது இங்கே புதிதல்ல. யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கினால் போதும், ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தில் தானாக மூடச் சொல்லும் கம்பி இணைத்திருக்க வேண்டும். காப்பு நகல் மூன்று, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியே. பூட்டிய பென்டிரைவ்களின் முனை பச்சை பூத்துவிடும் என்பதால் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப்புகாப் பையில். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, நேற்றைய வருகை எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்காவிட்டால் அது காப்பு என்று சொல்ல ஆதாரமில்லை.

ஆய்வுக்குப் போகும் நகல்

ஆய்வு மாணவருக்கு மூலத் தரவுத்தளத்தில் நுழைய அனுமதி இல்லை. நெறிக்குழு ஒப்புதலும் நோயாளியின் சம்மதமும் உள்ள பதிவுகளிலிருந்து குறித்த நாளில் ஒரு நகல் எடுத்து, உறைய வைத்து, பதிப்பு எண் போட்டுக் கொடுப்பது. பிறகு முன்மேசையில் யாரைச் சேர்த்தாலும் பிரித்தாலும் அந்த நகல் மாறாது. இல்லாவிட்டால் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு மொத்தமும் நான்காவதில் வேறு மொத்தமும் வரும்.

பெயரை நீக்கி, கைபேசியைக் குழப்பெண்ணாக (மூல எண்ணை நேராகத் திரும்பக் கணிக்க முடியாத ‘ஹாஷ்’) மாற்றிக் கொடுத்தால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. போதாது. இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9-இல் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடிதான். அத்தனைக்கும் குழப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணக் கணினிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ரகசியச் சாவி கலந்து போட வேண்டும், சாவி மருத்துவமனையை விட்டு வெளியே போகக் கூடாது. ஊர்ப் பெயரும் கசியும்: ஒரு சிறு குடியிருப்பில் ஒரு நோய்க்கு ஒருவர்தான் என்றால் ஊரைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரி. ஐந்து பேருக்குக் கீழே வரும் ஊர்களைப் பக்கத்து ஊரோடு சேர்த்துக் கொடுத்தது.

தேதியில்தான் பெரிய சிக்கல். அடையாளம் மறைக்க ஒவ்வொருவர் தேதிகளையும் ஆளுக்கு ஒரு எண்ணிக்கையில் முன்பின் நகர்த்துவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். இந்தக் கரையில் அதை யோசிக்காமல் செய்தால் ஆய்வே போய்விடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வருமானம் வேறு, சாப்பாடு வேறு, வேலை வேறு. பிழைப்பு தேடி வெளியூர் போகிறவர்களும் உண்டு. நோன்பு மாதத்தில் மரைக்காயர்பட்டினத்துக்காரருக்கு மாத்திரை நேரமே மாறும், ‘வெறும் வயிறு’ என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறும். தேதியை நூறு நாள் நகர்த்தினால் இதெல்லாம் அழிந்து, மாத்திரையை விட்டவர் சோம்பேறியாகத் தெரிவார். ஆகவே தேதியை நகர்த்தும் முன்பே மூன்று பத்திகளைக் கணித்துக்கொள்ள வேண்டும்: தடைக்காலமா, அதன் எத்தனையாவது வாரம், நோன்பு மாதமா. நோன்புத் தொடக்கத்தை நாட்காட்டி நிரலிடம் கேட்காமல், உள்ளூரில் பிறை பார்த்து அறிவித்த நாளை ஆண்டுதோறும் கையால் ஏற்றுவது சரி. பிறகு நகர்த்தும் எண்ணிக்கை ஏழின் மடங்காக இருந்தால் கிழமையும் தப்பும்.

வெள்ளிக்கிழமை வரிசை

6-க்கும் 12-க்கும் நடுவே விழும் இணைகளைப் பார்க்க வாரம் ஒரு மணி நேரம். திரையில் இரண்டு அட்டையும் பக்கத்தில் பக்கத்தில். உயரம், பழைய எடை, தழும்பு, கடைசி மருந்து. உட்காருபவர் கணினிக்காரர் அல்ல, அந்த ஊர்களுக்குப் போய்வரும் செவிலியர். “இது மேட்டுத்தெரு பாத்திமாக்கா, அது அவங்க மச்சினி” என்று ஒரு நொடியில் அவர் சொல்வதை எந்த மதிப்பெண்ணும் சொல்லாது.

பொத்தான் மூன்று: ஒரே ஆள், வேறு ஆள், தெரியவில்லை. முதல் வடிவத்தில் ‘வேறு ஆள்’ என்று அழுத்தினால் இணை வரிசையிலிருந்து போனதே தவிர எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த வாரம் அதே இணை திரும்ப வந்தது. தங்கச்சிமடத்து இரட்டைப் பெண்கள் சகாயமேரி, சகாயராணி நான்கு வாரம் தொடர்ந்து வந்தார்கள்: ஒரே பிறந்தநாள், ஒரே அப்பா, ஒரே வீடு, பாதிப் பெயர் ஒன்று. இப்போது ‘வேறு ஆள்’ என்பதும் இணைப்பு அட்டவணையில் தேதியோடும் சொன்னவர் பெயரோடும் ஒரு வரி. ‘தெரியவில்லை’ என்றால் ஆறு மாதத்துக்கு அந்த இணை வராது. அதற்குள் இருவரில் ஒருவர் மாத்திரைக்கு வந்தால் மட்டும் முன்மேசைத் திரையில் மஞ்சளாக ஒரு கேள்வி வரும்.